வலைப்பதிவும் அதன் இருப்பிடமும்

தெற்கு அந்தமானில் பெரார்கஞ்ச் என்றோர் ஊர் உண்டு. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயருக்கு வடக்கே, அந்தமான் பெருஞ்சாலையின்மீது அமைந்துள்ள அவ்வூர், அதே பெயருடைய வட்டத்தின் தலைமையிடமும் ஆகும். 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராகப் பணியாற்றிய பெரார் என்பவரின் பெயரே ஊருக்கு இடப்பட்டது. அவர் ஆட்சி அலுவலர் மட்டும் அல்லர். வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தவரும் ஆவார். அந்தமான் நிக்கோபார் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1948ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் அதனைத் தேடி எடுத்துப் படிக்கலாம். இன்ன தொகுதி, இன்ன பக்கம் என்று சுட்டவும் செய்யலாம்.

இன்று அதே வட்டத்தில் பணி செய்யும் வேளாண் விரிவாக்க அலுவலரோ பள்ளி ஆசிரியரோ தாம் கண்டவற்றை எழுதி வெளியிட விரும்பினால், இதழ் ஒன்றின் இசைவுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. வலைப்பதிவு ஒன்றினை ஒரு மாலைப் பொழுதிலேயே தொடங்கிவிடலாம். எழுதுவதற்குரிய பொருளுக்கும் குறைவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரைமட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்வான நெல்வயல்கள் பலவற்றில் புகுந்த கடல் நீர் வடியாமலே நின்றுவிட்டது. எந்த வயலில் எவ்வளவு காலம் உப்பு தங்கிற்று, எந்தக் கிணறு எந்த ஆண்டில் மீண்டும் நன்னீராயிற்று, எந்த நெல் வகை தாக்குப்பிடித்தது என்பன போன்ற செய்திகளை ஊரில் இருந்து நேரிற் கண்டவரே எழுத முடியும். அவ்வாறு எழுதிய குறிப்பு தொலைந்து போனால், அந்த ஆண்டினை மீண்டும் வரவழைத்து அளந்து பார்த்தல் இயலாது.

எனவே, எழுதுவதை எங்கே வைப்பது என்னும் வினா சிறிய வினா அன்று. வலைப்பதிவர் ஒருவர் ஒரு வெளியீட்டுத் தளத்தை விடுத்து மற்றொன்றை ஏன் விரும்புகின்றார் என்பதைத் தமிழ்ப் பதிவர்களின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தளம் செய்யும் வேலை

வெளியீட்டுத் தளம் என்பது மூன்று வேலைகளைச் செய்வது. எழுதுவோர் தம் கட்டுரையைத் தட்டச்சுச் செய்து திருத்துவதற்கு இடம் அளிக்கின்றது. அதனைப் படங்களுடன் சேமித்து வைக்கின்றது. படிப்போர் கேட்குந்தோறும் பக்கமாக அமைத்து அனுப்புகின்றது. இம்மூன்றையும் யார் பொறுப்பில் விடுகின்றோம் என்பதைக் கொண்டே தளங்கள் வேறுபடுகின்றன.

அரசு ஊழியருக்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. பிளாகர், வேர்ட்பிரஸ் டாட் காம், மீடியம், சப்ஸ்டாக் போன்றவை அரசுக் குடியிருப்பை ஒத்தவை. குடிபுகுவதற்குச் செலவு இல்லை, அல்லது மிகக் குறைவு. கூரை ஒழுகினால் பொதுப்பணித் துறையே வந்து பார்க்கும். ஆனால் சுவரை இடித்துச் சன்னல் வைத்துக்கொள்ள முடியாது. காலி செய்யும்படி ஆணை வந்தால் காலி செய்தே தீர வேண்டும். வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை வாடகைக்கு எடுத்த வழங்கிக் கணிப்பொறியில் நாமே நிறுவிக்கொள்வது சொந்த வீட்டைப் போன்றது. விரும்பியவாறு கட்டலாம், ஒழுகினால் நாமே ஏணி வைத்து ஏற வேண்டும். ஜெக்கில், ஹியூகோ முதலிய மென்பொருள்கள் மூன்றாம் வகையின. இவை பக்கங்களை முன்னதாகவே முழுமையாக அமைத்து வைத்துவிடுகின்றன. ஆதலின் வழங்கிக் கணிப்பொறிக்கு வேலை மிகக் குறைவு. ஆயினும் இவற்றைக் கையாளக் கட்டளை வரிகளை எழுதும் பழக்கம் வேண்டும் என்பதனால், நம் அலுவலர்களுள் இவற்றை நாடுவோர் மிகச் சிலரே ஆவர்.

புதிதாக வருவோர் அனைவரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. வேர்ட்பிரஸ் என்னும் பெயர் இரண்டு பொருள்களைக் குறிக்கின்றது. ஒன்று, 2003ஆம் ஆண்டில் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் முந்திய மென்பொருள் ஒன்றிலிருந்து உருவாக்கிய, எவரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளத்தக்க மென்பொருள். மற்றொன்று, ஆட்டோமாட்டிக் என்னும் நிறுவனம் அம்மென்பொருளைக் கொண்டு நடத்தும் சேவை. முன்னது சொந்த வீடு, பின்னது குடியிருப்பு. ஒன்றைப் பற்றிப் பிறர் கூறும் புகழ்ச்சியைக் கேட்டு மற்றொன்றில் சேர்ந்து ஏமாற்றமடைவோர் பலர்.

தமிழ்ப் பதிவர்கள் சென்ற வழி

தமிழ் வலைப்பதிவுகள் 2003ஆம் ஆண்டில் தோன்றத் தொடங்கின. அதற்கு முன்னரும் இணையத்தில் தமிழ் இருந்தது. எனினும் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். டிஸ்கி முதலிய பொதுக் குறியீட்டு முறைகள் இக்குறையை ஓரளவு தீர்த்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாடு தமிழுக்குரிய விசைப்பலகை அமைப்பை வகுக்க உதவிற்று. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டைப் புதிய கணிப்பொறிகள் ஏற்றுக்கொண்ட பின்னரே எந்தக் கணிப்பொறியிலும் தமிழை எழுத்தாகவே படிக்கவும் தேடவும் முடிந்தது.

பெரும்பாலோர் அன்று பிளாகரைத் தேர்ந்தனர். 1999ஆம் ஆண்டில் பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் தொடங்கிய பிளாகரை 2003இல் கூகுள் வாங்கியிருந்தது. இலவசம் என்பது ஒரு காரணம். ஆனால் வேர்ட்பிரஸ் டாட் காமும் 2005 முதல் இலவசமாகவே கிடைத்தது. ஆகவே வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

2004ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்னும் திரட்டியில் அக்காரணம் அடங்கியிருக்கின்றது. சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவுகளில் புதியன எவை என்பதை ஒரே பக்கத்தில் தொகுத்துக் காட்டியது அது. படிப்போர் அவ்வழியாகவே வந்தனர். அதன் கருவிப்பட்டையைத் தம் பதிவில் அமைக்க விரும்பியவர், பக்கத்தின் வார்ப்புருவைத் திறந்து சிறு நிரல் துண்டு ஒன்றை ஒட்ட வேண்டியிருந்தது. பிளாகர் இதற்கு இடம் கொடுத்தது. வேர்ட்பிரஸ் டாட் காமோ பாதுகாப்புக் கருதி வெளியார் நிரல்களை ஏற்கவில்லை. இவ்வொரு வேறுபாடு தமிழ்ப் பதிவர்களைப் பிளாகரின் பக்கம் சாய்த்தது எனக் கூறுதல் மிகையாகாது. சந்தை கூடும் இடத்திற்கு அருகிலேயே கடையை வைப்பர். கடையின் அழகு இரண்டாவது.

சொந்தமாக வேர்ட்பிரஸ் நிறுவியோர்க்கு வேறொரு தொல்லை நேர்ந்தது. அதன் பழைய பதிப்புகள் தமிழ் எழுத்துகளை மேனாட்டு எழுத்துகளுக்குரிய அமைப்புடைய தரவுத்தளத்தில் சேமித்து வந்தன. பதிவு ஒரே கணிப்பொறியில் இருக்கும்வரை குறை தெரிவதில்லை. வேறு நிறுவனத்தின் கணிப்பொறிக்கு மாற்றும்போது, ஆண்டுக்கணக்கில் எழுதியவை யாவும் சிதைந்த குறிகளாகவோ வினாக்குறிகளின் வரிசையாகவோ மாறிவிடும். 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 2.2ஆம் பதிப்பு முதல் தரவுத்தளத்தின் எழுத்துக் குறியீட்டைத் தெளிவாகக் குறிப்பிட வழி ஏற்பட்டது. ஆங்கிலப் பதிவர் இத்தொல்லையை அறியார். ஆங்கில எழுத்துகள் இரு அமைப்புகளிலும் ஒன்றுபோலவே இருப்பதே அதற்குக் காரணம்.

விளம்பர வருவாயைப் பற்றியும் ஒரு சொல். கூகுளின் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018ஆம் ஆண்டில்தான். ஆகையால் அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளில் தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் பணத்தை எண்ணித் தளத்தைத் தேர்ந்தவர்கள் அல்லர். ஆங்கிலத்தில் இப்பொருள் பற்றி வரும் வழிகாட்டிகள் வருவாயையே முதற்கண் வைக்கின்றன. நம் அலுவலர்கள் அப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

தீவின் தொடர்பும் பக்கத்தின் எடையும்

2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையிற் கணக்கிட்டுக் காட்டலாம்.

புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தி மேலே சென்று கீழே வருவதற்கு ஏறத்தாழ 71,600 கிலோமீட்டர். வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு 0.24 வினாடி ஆகும். கேள்வி போய் விடை வந்து சேர 0.48 வினாடி. கண்ணாடி இழையினுள் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர். 2,300 கிலோமீட்டர் சென்று திரும்ப 0.023 வினாடியே போதும். அஃதாவது, தாமதம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு ஒன்றன்பின் ஒன்றாக 20 கேள்வி விடைகள் தேவையெனில், செயற்கைக்கோள் வழியில் காத்திருக்கும் நேரம் மட்டும் 9.6 வினாடி, வடத்தின் வழியில் அரை வினாடிக்கும் குறைவு. வழங்கிக் கணிப்பொறி சென்னைக்கும் அப்பால் இருப்பின் இரண்டிலும் சிறிது கூடும்.

இங்கே தளத்தின் தேர்வு எவ்வாறு வந்து சேர்கின்றது? பதிவின் எடையை வகுப்பது எழுத்து அன்று. வார்ப்புருவும் படங்களுமே ஆகும். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் கொள்கின்றது. ஒரு சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறிகள் என்று கொண்டால், 600 சொற்கள் உள்ள கட்டுரை ஏறத்தாழ 15,000 பைட்டு ஆகும். கைப்பேசியில் எடுத்த படமொன்று 30 இலட்சம் பைட்டு இருத்தல் இயல்பு. கட்டுரையைப் போல 200 மடங்கு! 2011ஆம் ஆண்டில் பிளாகர் அறிமுகம் செய்த அசையும் வார்ப்புருக்கள் காண்பதற்கு அழகியவை. ஆனால் உலாவி முதலில் நிரல்களையெல்லாம் பெற்று இயக்கிய பின்னரே கட்டுரையைக் காட்டும். செயற்கைக்கோள் வழியே படித்த தீவினர் அவற்றைக் கண்டு பொறுமை இழந்ததில் வியப்பில்லை. வடம் வந்த பின்னும், கிராமத்துக் கைப்பேசிக் கோபுரத்தின் சைகை மழை நாளில் தளரும் இடங்களுக்கு இக்கணக்கு பொருந்தும். எளிய வார்ப்புருவைத் தேர்ந்து, படங்களைச் சுருக்கி இடுவோர்க்குப் பிளாகராயினும் வேர்ட்பிரஸ் ஆயினும் பெரிய வேறுபாடு இல்லை. வேர்ட்பிரஸின் கைப்பேசிச் செயலியில் தொடர்பு இல்லாத இடத்திலேயே எழுதி வைத்துக்கொண்டு, தொடர்பு கிடைத்ததும் அனுப்பலாம் என்பது களப்பணியாளர் கருதத்தக்க வசதியாகும்.

முகவரி என்னும் உடைமை

நிறமும் வடிவும் கண்ணிற் படுவதனால் புதிய பதிவர்கள் அவற்றையே ஒப்பிடுகின்றனர். என் கருத்தில், முதலில் ஒப்பிட வேண்டியது முகவரி. பிறர் நம் கட்டுரையைச் சுட்டுவது முகவரியைக் கொண்டுதான். பெராரின் கட்டுரைக்குத் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் எப்படியோ, பதிவுக்கு முகவரி அப்படி.

தமிழ்த் தலைப்பிட்ட கட்டுரைக்கு இரு தளங்களும் முகவரி அமைக்கும் விதம் வேறு. பிளாகர் ஆங்கில எழுத்துகளை மட்டுமே முகவரிக்கு எடுத்துக்கொள்வதனால், தமிழ்த் தலைப்புள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் ‘பிளாக்-போஸ்ட்’ என்னும் பொதுப்பெயரையே இட்டு, இறுதியில் எண்ணைச் சேர்த்துவிடுகின்றது. முகவரியைப் பார்த்துப் பொருளை அறிய முடியாது. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே எடுத்துக்கொள்கின்றது. ஆயினும் அதனை விழுக்காட்டுக் குறிகளாக மாற்றி எழுதுகின்றது. ஒரு பைட்டுக்கு மூன்று குறிகள், ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு; ஆகவே ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது இடங்களைக் கவர்கின்றது. கட்டுரையின் பெயருக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடங்களே.

‘பெரார்கஞ்ச் மழைக் குறிப்பு’ என்னும் தலைப்பைக் கொண்டு இதனைச் சோதிப்போம். பெரார்கஞ்ச் என்பதில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் 11 குறிகள். முகவரியில் 99 இடங்கள். மழைக் என்பதில் ஐந்து, 45 இடங்கள். சொற்களுக்கிடையே இரண்டு சிறு கோடுகள். இதுவரை 146. எஞ்சிய 54 இடங்களில் ஆறு குறிகளே அடங்கும். குறிப்பு என்பதிலோ எட்டுக் குறிகள் உள்ளன. எனவே கடைசியில் நிற்கும் ‘பு’ என்னும் எழுத்து வெட்டுண்டு போகும். மாணவர்களைத் தத்தம் ஊர்ப் பெயரைக் கொண்டு இதைச் செய்து பார்க்கச் சொல்லலாம்; யூனிகோடு குறியீட்டைக் கற்பிப்பதற்கு இதனினும் எளிய பயிற்சி இல்லை.

இரு தளங்களிலும் கட்டுரையை வெளியிடுமுன் முகவரிப் பெயரை நாமே ஆங்கில எழுத்துகளில் குறுக்கமாக இட்டுக்கொள்ள வசதி உண்டு. ஊர், பொருள், ஆண்டு என்ற மூன்றும் இருந்தால் போதும். அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டாலும் மாணவன் பார்த்துத் தட்டச்சுச் செய்ய முடியும்.

முகவரியின் முதற்பகுதியே இன்னும் முக்கியமானது. 2012ஆம் ஆண்டில் பிளாகர், படிப்போரின் நாட்டுக்கேற்பப் பதிவுகளின் முகவரியை மாற்றியது. இந்தியாவிலிருந்து படித்தவர்களுக்கு பிளாக்ஸ்பாட் டாட் காம் என்பது பிளாக்ஸ்பாட் டாட் இன் ஆயிற்று. ஒரே கட்டுரைக்குப் பல முகவரிகள் ஏற்படவே, முகவரியைக் கொண்டு கணக்கிடும் கருவிகள் குழம்பின. தமிழ்ப் பதிவர் பலர் பழைய முகவரிக்கே திருப்பி விடும் நிரல் துண்டுகளைத் தேடித் தம் வார்ப்புருவில் ஒட்டினர். 2018இல் இவ்வேற்பாடு கைவிடப்பட்டது. அத்துடன் நின்றிருந்தால் நலம். 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்னும் பெயரின் உரிமையே புதுப்பிக்கப்படாமல் கைமாறி, விற்பனைக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சிலும் பிற தளங்களிலும் அம்முகவரியாற் சுட்டப்பட்ட கட்டுரைகளுக்கு வழி அடைபட்டது. கட்டுரைகள் அழியவில்லை, டாட் காம் முகவரியில் இருந்தன. ஆயினும் பழைய முகவரியை வைத்திருந்தவர்க்கு அஃது எவ்வாறு தெரியும்?

இத்தகைய நிலை நேராதிருக்க, ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்தப் பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொள்வர். பிளாகர் அப்பெயரைத் தனிக் கட்டணமின்றி இணைத்துக்கொள்கின்றது. வேர்ட்பிரஸ் டாட் காமில் அதற்குப் பொதுவாகக் கட்டணத் திட்டத்திற் சேர வேண்டும். சொந்தப் பெயர் இருப்பின், பின்னாளில் தளத்தை மாற்றினாலும் வாயில் அதேதான்; உள்ளே வீடுதான் வேறு. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால் என்னவாகும் என்பதைக் கூகுளின் உதாரணமே காட்டிவிட்டது.

மூடப்பட்ட கதவுகள்

யாகூ நிறுவனத்தின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. தமிழ் இணையத்தின் தொடக்க காலப் பக்கங்கள் பல அங்கே இருந்தன. ஆர்வலர்கள் விரைந்து படியெடுத்ததனால் ஒரு பகுதி காப்பாற்றப்பட்டது. மைக்ரோசாப்டின் ஸ்பேசஸ் 2011இல் முடிவுற்றது. எனினும் பதிவர்களை வேர்ட்பிரஸ் டாட் காமுக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே மூடினர். போஸ்டரஸ் என்னும் தளத்தை ட்விட்டர் 2012இல் வாங்கி, 2013 ஏப்ரலில் மூடிற்று. 2003இல் தொடங்கிய டைப்பேட் 2025 செப்டம்பர் 30 அன்று நின்றது. மூடும் நிறுவனம் கெட்ட எண்ணத்தால் மூடுவதில்லை. இலாபம் இல்லாத கடையை எவரும் நடத்துவதில்லை, அவ்வளவே.

மூடாமலே குடியிருப்போரை வெளியேற்றுவதும் உண்டு. 2004 மே மாதத்தில் மூவபிள் டைப் என்னும் புகழ்பெற்ற மென்பொருள் தன் உரிம விதிகளை மாற்றி, இலவசப் பதிப்பை ஓர் எழுத்தாளர், மூன்று பதிவுகள் என்ற அளவிற்குச் சுருக்கிற்று. அதே மாதத்தில் வேர்ட்பிரஸின் 1.2ஆம் பதிப்பு செருகுநிரல் வசதியுடன் வெளிவந்தது. பலர் கூட்டமாக இடம் பெயர்ந்தனர். இன்று உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்ட்பிரஸில் இயங்குவதற்கு அந்த மே மாதம் ஒரு தொடக்கம். கட்டணத்தை விடவும், நாளை விதி மாறக்கூடும் என்னும் அச்சமே அவர்களைப் பெயர்த்தது. எவரும் மாற்ற முடியாத பொது உரிமத்தின்கீழ் வேர்ட்பிரஸ் இருந்தது.

ஆயினும் சொந்த வீட்டுக்கும் பொதுக் கிணறு ஒன்று வேண்டியிருக்கின்றது. 2024 செப்டம்பரில், ஆட்டோமாட்டிக் தலைவருக்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்னும் நிறுவனத்திற்கும் எழுந்த பூசலில், அந்நிறுவனத்தின் கணிப்பொறிகள் செருகுநிரல்களைப் பெறும் பொதுக் களஞ்சியத்தை அணுகாதபடி தடுக்கப்பட்டன. அந்நிறுவனத்திடம் இடம் எடுத்திருந்த பதிவர்கள் ஒரு குற்றமும் செய்யாமலே இடையில் அகப்பட்டனர். டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டு அணுகலை மீட்டுக் கொடுத்தது.

ஆகவே, எந்தத் தளம் என்றும் நிலைக்கும் என்று கேட்பதிற் பயனில்லை. எதிலிருந்து முழுமையாக வெளியேற முடியும் என்று கேட்பதே தக்கது. பதிவர்கள் தளத்தைத் தேர்வது பெரும்பாலும் முதல் நாளின் எளிமையைக் கண்டு. தேர்வைச் சோதிப்பதோ கடைசி நாள்.

இடமாற்றமும் கடவுச்சொல்லும்

அலுவலர்க்கே உரிய இடையூறு ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். தீவுப் பணியாளர் இடமாற்றம் பெறுவர். பதிவோ அவர்தம் சொந்த மின்னஞ்சற் கணக்குடன் கட்டப்பட்டிருக்கும். அவர் ஓய்வு பெற்று அக்கணக்கைத் திறவாதிருந்தால், பதிவும் அதனுடன் உறங்கிவிடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கலாம் என்னும் விதியைக் கூகுள் 2023ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. பிளாகரிலும் வேர்ட்பிரஸிலும் ஒன்றுக்கு மேற்பட்டோரை நிருவாகிகளாகச் சேர்க்க இயலும். பள்ளியின் பதிவாயின் தலைமை ஆசிரியரையோ உடன் பணியாற்றுவோரையோ இரண்டாம் நிருவாகியாகத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுதல் வேண்டும்.

சொந்தமாக வேர்ட்பிரஸ் நிறுவுவதில் இவ்விடையூறு இன்னும் பெரிது. இடத்தின் வாடகை, பெயரின் கட்டணம், மென்பொருளைப் புதுப்பித்தல் ஆகிய மூன்றையும் ஒருவர் விடாது கவனிக்க வேண்டும். புதுப்பிக்காது விட்ட செருகுநிரல் வழியே தீயோர் புகுந்து பக்கங்களைக் கெடுத்தல் அடிக்கடி நிகழ்கின்றது. பெரார்கஞ்சில் அதனைச் செப்பனிடத் தெரிந்தவர் ஒருவர் இருந்து, அவரும் மாயாபந்தருக்கு மாற்றப்பட்டால் என் செய்வது? உதவிக்கு ஆள் உள்ள இடத்தில் சொந்த வீடு சிறந்தது. இல்லாத இடத்தில் சொந்தப் பெயருடன் கூடிய பிளாகரே போதுமானது என்பது என் துணிபு. வடிவழகில் அது பின்தங்கியது என்பர். மழைக் குறிப்புக்கு வடிவழகு எதற்கு?

வெளியேறும் ஒத்திகை

எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும், பத்துக் கட்டுரைகள் எழுதியவுடன் ஒருமுறை வெளியேறிப் பார்த்தல் நலம். இதற்கு அரை மணி நேரமே ஆகும்.

முதலில், தளத்தின் அமைப்புகள் பகுதியிலிருந்து எல்லாக் கட்டுரைகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். பிளாகரும் வேர்ட்பிரஸும் இதனை இலவசமாகவே தருகின்றன. வேர்ட்பிரஸ், பிளாகரின் கோப்பைப் படித்துத் தன்னுள் ஏற்கவும் வல்லது. அக்கோப்பைச் சாதாரண எழுத்துத் தொகுப்பியில் திறந்து, தமிழ் தமிழாகவே தெரிகின்றதா என்று பார்க்க. குறிகளிடையே கட்டுரையின் வாசகம் தெரிந்தால், வருங்காலத்தில் எந்த மென்பொருளாலும் அதனை மீட்கலாம்.

அடுத்து, படங்கள். இக்கோப்பினுள் படங்கள் இருப்பதில்லை. அவை இருக்கும் முகவரிகளே உள்ளன. புதிய தளம் அம்முகவரிகளுக்குச் சென்று படங்களை எடுத்துவரும் என்பது உண்மைதான். ஆனால் பழைய தளம் உயிருடன் இருக்கும்வரை மட்டுமே. தளம் மூடப்பட்ட பின்னர்க் கோப்பு மட்டும் கையில் இருந்தால், உப்பு படிந்த வயலின் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டமே தோன்றும். ஆதலின் மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில், நாளும் இடமும் பெயரிலேயே அமையுமாறு வைத்துக்கொள்க.

மூன்றாவது, அக்கோப்பைப் புதிய இலவசப் பதிவு ஒன்றில் ஏற்றி, கட்டுரைகளின் எண்ணிக்கை ஒத்துள்ளதா, நாள்கள் சரியாக உள்ளனவா என்று சரிபார்த்த பின் அப்பதிவை நீக்கிவிடலாம். வெளியீட்டு நாள் மாறியிருப்பின் அளவைக் குறிப்புகளுக்கு மதிப்பில்லை; எனவே மழை அளவு, கிணற்று நீரின் உப்பு முதலியவற்றை அளந்த நாளைக் கட்டுரையின் உள்ளேயே முதல் வரியில் எழுதிவிடுதல் பாதுகாப்பானது. அட்டவணைகளைப் படமாக எடுத்து ஒட்டாமல் எழுத்தாகவே இட வேண்டும். படத்தில் உள்ள எண்ணை எந்தத் தேடுபொறியும் எளிதிற் கண்டெடுக்காது, கணக்கிடவும் இயலாது.

இறக்கிய கோப்பு, படக் கோப்புறை ஆகியவற்றின் படியொன்றைப் பள்ளியின் கணிப்பொறியிலும் மற்றொன்றை வேறிடத்திலும் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் பருவமழை தொடங்குமுன் புதிய படியை எடுத்து, எடுத்த நாளை இருப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.